மிக்சரிலிருந்து மல்டிடிராக் ரெக்கார்டருக்கு: எந்தத் துளையிலிருந்து ஒயர் எடுப்பது?

முதல் தடவை வீட்டில் ஒரு பாட்டை ரெக்கார்ட் செய்தபோது எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு மைக், ஒரு சின்ன மிக்சர், நண்பரிடம் இரவல் வாங்கிய எட்டு டிராக் ரெக்கார்டர். மிக்சரின் பின்பக்கம் மெயின் அவுட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த இரண்டு துளைகளிலிருந்து ஒயர் எடுத்து, ரெக்கார்டரின் ஒன்றாவது, இரண்டாவது இன்புட்டில் செருகினேன். மீட்டர் ஆடியது, பாடிய பெரியப்பாவும் ஹெட்போனில் கேட்டுவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்றார். ராத்திரி எல்லாரும் போனபிறகு உட்கார்ந்து கேட்டால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த சத்தம் தரும் இடதுபக்கம், பாட்டையே அமுக்கிக்கொண்டிருக்கிறது. சரி, மிருதங்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கலாம் என்று போனால், இறக்குவதற்கு மிருதங்கம் என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை. எட்டு டிராக் கருவியில் இரண்டே டிராக், அதில் பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. பெரியப்பாவை மறுபடி வரச்சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

மிக்சரின் வேலை பல சத்தங்களைக் கலந்து இரண்டாக்குவது. மல்டிடிராக்கின் வேலை ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்தே வைத்திருப்பது. இந்த இரண்டையும் இணைக்கிறோம் என்றால் மிக்சர் தன் வேலையைச் செய்து முடிப்பதற்கு முன்னாலேயே அதன் வயிற்றிலிருந்து சத்தத்தை எடுத்துவிட வேண்டும். எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில், மிக்சர் வேண்டுமா?

இதைக் கேட்காமலே பலர் ஒயர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ரெக்கார்டரைத் திருப்பி, மைக் நேரடியாகச் செருகும்படி எத்தனை இன்புட் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஜூம் ஆர்16 மாதிரி ஒன்று கையில் இருந்தால் அதிலேயே எட்டு இன்புட் உண்டு, எட்டையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் ஏற்றலாம். நாலு மைக்குக்கு மிக்சர் அவசியமே இல்லை, நேராகச் செருகிவிட்டுப் பாட ஆரம்பிக்கலாம். ஆனால் அதே கருவியில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது கண்டன்சர் வகை மைக்குக்கு மைக் ஒயர் வழியாகவே போகும் மின்சாரம், ஐந்தாவது, ஆறாவது இன்புட்டில் மட்டும்தான் வரும். உங்களிடம் மூன்று கண்டன்சர் மைக் இருந்தால் மூன்றாவதற்கு மின்சாரம் மிக்சரிலிருந்துதான் வர வேண்டும். அப்போது மிக்சர் தேவை. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் ஹெட்போனில் வேறு வேறு கலவை கொடுக்க வேண்டும், அல்லது கூடத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு ஸ்பீக்கரிலும் போக வேண்டும் என்றாலும் தேவை. மற்றபடி நடுவில் ஒரு கருவி கூடினால் கூடுவது இரைச்சலும் ஒயரும்தான்.

வாங்கப்போகிறவர்கள் ஒரு கணக்கைக் கவனியுங்கள். அட்டையில் போட்டிருக்கும் டிராக் எண்ணிக்கை வேறு, ஒரே நேரத்தில் பதிவாகும் டிராக் எண்ணிக்கை வேறு. டாஸ்கேம் டிபி-008இஎக்ஸ் எட்டு டிராக் கருவிதான், ஆனால் ஒரு நேரத்தில் இரண்டுதான் ஏற்ற முடியும். தனியாக உட்கார்ந்து கிதார், அப்புறம் பாட்டு, அப்புறம் இன்னொரு குரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பவருக்கு அது போதும். நாலு பேர் சேர்ந்து வாசிப்பதைப் பிடிக்கப் போதாது. அதேபோல மிக்சரில்தான் யுஎஸ்பி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த மிக்சர்களில் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போவது கலந்து முடிந்த ஸ்டீரியோ மட்டுமே, அதாவது என்னுடைய முதல் ராத்திரிக் கதைதான் திரும்ப நடக்கும். இன்னும் எதுவுமே வாங்கவில்லை என்றால் மிக்சரும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் டாஸ்கேம் மாடல் 12, ஜூம் லைவ்டிராக் எல்-12 மாதிரி வகையைப் பாருங்கள். அது புது யோசனை ஒன்றும் இல்லை. 1979-ல் வந்த போர்ட்டாஸ்டுடியோ 144 செய்ததும் அதுவேதான், கேசட்டில், நாலு டிராக்கில். அப்படி ஒரே பெட்டியாக எடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை, உறுமல் பற்றி எழுதியிருப்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துளை

மிக்சரின் பின்பக்கத்தையோ மேல்விளிம்பையோ பாருங்கள். சேனல் ஒவ்வொன்றிலும் டைரக்ட் அவுட் என்று தனித் துளை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஒவ்வொரு டைரக்ட் அவுட்டிலிருந்தும் ரெக்கார்டரின் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு ஒயர், வேலை முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வாங்குகிற சின்ன மிக்சர்களில் அது அநேகமாக இருக்காது.

அதற்கு அடுத்தது இன்சர்ட். மேக்கி 1202 மாதிரி மிக்சர்களில் மைக் வருகிற முதல் நாலு சேனலுக்கும் இன்சர்ட் துளை இருக்கிறது. இதை வைத்திருப்பது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸர் மாதிரி வெளிக் கருவியை இடையில் கோர்ப்பதற்காக. சத்தம் பிளக்கின் நுனி வழியாக வெளியே போய், நடு வளையம் வழியாகத் திரும்ப உள்ளே வரும். நமக்கு வேண்டியது வெளியே போகிற பாதி மட்டும். சாதாரண மோனோ பிளக்கை முழுவதும் தள்ளாமல், முதல் க்ளிக் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டால், சத்தம் ரெக்கார்டருக்கும் போகும், மிக்சருக்குள்ளும் வழக்கம்போலத் தொடர்ந்து போகும். முழுவதும் தள்ளிவிட்டால் ரெக்கார்டருக்குப் போகும், ஆனால் மிக்சரில் அந்தச் சேனல் ஊமையாகிவிடும், ஏனென்றால் திரும்பி வர வேண்டிய வழி கிரவுண்டோடு ஒட்டிக்கொள்கிறது.

அரைகுறையாகச் செருகிய பிளக் யாராவது ஒயரைக் காலால் இடறினால் நழுவிவிடும், அல்லது நன்றாகத் தள்ளப்பட்டு அந்தச் சேனல் பாட்டு நடுவில் ஹெட்போனிலிருந்து காணாமல் போகும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. அதனால் நானே ஒயர் செய்து வைத்துக்கொண்டேன். சென்னையில் ரிச்சி தெரு மாதிரி இடத்தில் போய்ப் பி-38 ஸ்டீரியோ பின் நாலு, பி-38 மோனோ பின் நாலு, ஷீல்டு உள்ள மைக் ஒயர் பத்து மீட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள்; அதையே 6.35 மில்லிமீட்டர் ஜாக் என்று கேட்டால் ஒரு நிமிடம் முழிப்பார்கள். மிக்சர் பக்கம் போடுகிற ஸ்டீரியோ பின்னில் நுனிக்கான காலையும் வளையத்துக்கான காலையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரே கம்பியை ரெக்கார்டர் பக்கத்து மோனோ பின்னின் நுனிக்குக் கொண்டுபோங்கள். ஷீல்டு இரண்டு பக்கமும் உறைக்காலில். அவ்வளவுதான். இந்த ஒயரை இன்சர்ட்டில் முழுவதும் அழுத்திச் செருகலாம்: வெளியே வந்த சத்தம் பின்னுக்குள்ளேயே திரும்பி மிக்சருக்குள் போய்விடும், ஒரு கிளை ரெக்கார்டருக்கு வரும். ஷீல்டு ஒன்றை மட்டும் நம்பியிருக்கிற ஒயர் என்பதால் நீளத்தை இரண்டு மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மிக்சரும் ரெக்கார்டரும் ஒரே மேசையில் இருந்தால் ஒரு மீட்டரே தாராளம். பின்னின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள், இருட்டில் மேசைக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும்போது என்னை வாழ்த்துவீர்கள்.

இன்சர்ட்டில் இன்னொரு விஷயம் உண்டு, அது நல்லதும்கூட. இந்த வகை மிக்சர்களில் சத்தம் அங்கே வெளியேறுவது மைக்கின் சத்தத்தை முதலில் பெருக்கும் கெயின் குமிழுக்குப் பிறகு, டிரெபிள், பாஸ் மாற்றும் ஈக்யூவுக்கும் கலவையில் அளவை வைக்கும் ஃபேடருக்கும் முன்னால். எனவே ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும், டிரெபிளைத் திருகினாலும், ரெக்கார்டரில் எதுவும் மாறாது. ஹெட்போன் கலவையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டிருக்கலாம், பதிவு கெடாது. ஆனால் ரெக்கார்டரில் சிவப்பு எரிகிறதே என்று ஃபேடரை இறக்கிப் பயனில்லை, கெயினைத்தான் இறக்க வேண்டும்.

இன்சர்ட்டும் இல்லையா? அப்போது இருக்கிற வெளியேறும் வழிகளையெல்லாம் திருடலாம். மெயின் அவுட்டில் இடது, வலது என்று இரண்டு வழி இருக்கிறதல்லவா, பாட்டு சேனலின் பேன் குமிழை முழுக்க இடதுபக்கம், வயலின் சேனலின் குமிழை முழுக்க வலதுபக்கம் திருப்பிவிட்டால் மெயின் அவுட்டே இரண்டு தனி டிராக் ஆகிவிடும். ஆல்ட் 3-4 என்று எழுதிய மியூட் பொத்தான் உங்கள் மிக்சரில் இருந்தால் அதை அழுத்தும்போது அந்தச் சேனல் மெயினை விட்டுவிட்டு ஆல்ட் என்கிற இன்னொரு ஜோடி துளைக்குப் போகும். அதிலும் பேனை இடம் வலம் திருப்பி இன்னும் இரண்டு டிராக். ஆக நாலு. சில சேனல்களை மட்டும் சேர்த்துத் தனியாக வெளியே அனுப்பும் சப்குரூப் உள்ள மிக்சரிலும் இதே வித்தைதான்.

அதுவும் இல்லாத மிகச் சின்ன மிக்சரில் ஆக்ஸ் சென்ட் இருக்கும். ஆக்ஸ் என்பது ஒவ்வொரு சேனலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வெளியே அனுப்புகிற தனி வழி; அதில் ஒரே ஒரு சேனலின் குமிழை மட்டும் ஏற்றி மற்றதையெல்லாம் பூஜ்யத்தில் வைத்தால் அந்தச் சேனலுக்கு அது டைரக்ட் அவுட். ஒரு நிபந்தனை: அந்த ஆக்ஸ் ஃபேடருக்கு முன்னால் எடுப்பதாக இருக்க வேண்டும், பக்கத்தில் ப்ரீ என்று எழுதியிருக்கும் அல்லது ஒரு ப்ரீ பொத்தான் இருக்கும். அப்போதுதான் அந்தச் சேனலின் ஃபேடரை முழுவதும் இறக்கி மெயினுக்குப் போகாமல் தடுத்துக்கொண்டே ஆக்ஸ் வழியாக மட்டும் அனுப்ப முடியும். எஃப்எக்ஸ் என்று எழுதிய ஆக்ஸ் வழக்கமாக ஃபேடருக்குப் பின்னால் எடுப்பது, ஃபேடரை இறக்கினால் அதுவும் செத்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது பழகிப்போன அமைப்பைச் சொல்கிறேன். பாட்டு முதல் சேனல், வயலின் இரண்டாவது, மிருதங்கத்தின் வலந்தலை மூன்றாவது, தொப்பி நாலாவது. நாலும் இன்சர்ட்டிலிருந்து ரெக்கார்டரின் ஒன்று முதல் நாலு வரை. சுருதிப்பெட்டி எலக்ட்ரானிக் என்பதால் அதன் ஹெட்போன் துளையிலிருந்து ஈ.பி. பின் (சின்ன 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் பின்) போட்ட ஒயரில் நேராக ரெக்கார்டரின் ஐந்தாவது இன்புட்டுக்கு, மிக்சருக்கே வராமல். சுருதியைத் தனி டிராக்கில் வைத்தால் பின்னால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்க்கலாம். பெட்டியை உரக்க ஒலிக்கவிட்டு அது எல்லா மைக்கிலும் நுழைந்துவிட்டால், நடுவில் ஒரு வரியை வெட்டி ஒட்டுகிற இடத்தில் சுருதி துள்ளும், காது உடனே பிடித்துவிடும்.

லெவல்

இங்கேதான் நிறையப் பேர் கேனன் ஒயர் (மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் வகை) எதற்கும் பொருந்துகிறதே என்று மிக்சரின் கேனன் அவுட்டை ரெக்கார்டரின் கேனன் மைக் இன்புட்டில் செருகிவிட்டு, ஏன் கரகரக்கிறது என்று கேட்கிறார்கள். மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்சர் அதைப் பெருக்கி லைன் லெவல் ஆக்கி அனுப்புகிறது. பிளஸ் 4 டிபியு என்று குறிப்பிடும் ஸ்டூடியோ லெவல் என்றால் சுமார் 1.23 வோல்ட். அதைக் கொண்டுபோய் மில்லிவோல்ட்டுக்குக் காத்திருக்கும் மைக் ப்ரீஆம்பில் ஊற்றினால் உடையத்தான் செய்யும். ரெக்கார்டரின் இன்புட் கேனனும் பி-38-ம் சேர்ந்த காம்போ துளையாக இருந்தால் நடுவில் உள்ள பி-38 துளையைப் பயன்படுத்துங்கள், மைக்/லைன் சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள், கெயின் குமிழை ஆகக் கீழே வைத்து ஆரம்பியுங்கள். கேனனிலேயே செருகித்தான் ஆக வேண்டும் என்றால் ரெக்கார்டரில் ஃபேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். மிக்சரின் அவுட்டுக்குள் 48 வோல்ட்டை எதிர்த்திசையில் தள்ளுவது நல்ல காரியம் அல்ல.

சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிற டேப் அவுட் துளைகள், நம்மூரில் ஏவி பின் போடுகிற ஆர்சிஏ வகை, மைனஸ் 10 டிபிவி லெவலில் தரும், சுமார் 0.316 வோல்ட். பிளஸ் 4-க்கும் இதற்கும் ஏறத்தாழ 12 டெசிபல் வித்தியாசம், வோல்ட் கணக்கில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஒரே பாட்டில் ஒரு டிராக் மட்டும் காரணமில்லாமல் மெலிந்து வந்தால் லெவல் மாறிக் கிடக்கிறதா என்று முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சரிசெய்யும் வரிசை எப்போதும் மிக்சரிலிருந்து ரெக்கார்டருக்கு. ரெக்கார்டரின் கெயின் கீழே இருக்கட்டும். மிக்சரில் அந்தச் சேனலின் சோலோ அல்லது பிஎஃப்எல் பொத்தானை (அந்தச் சேனலை மட்டும் மீட்டரில் காட்டுவது) அழுத்திவிட்டு, கெயினை ஏற்றி, மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றி ஆடும்படி வையுங்கள். அதன்பிறகு ரெக்கார்டரின் கெயினை மெல்ல ஏற்றி, உச்சத்தில் மைனஸ் 12-ஐத் தொடுகிற மாதிரி நிறுத்துங்கள், சராசரி மைனஸ் 18 பக்கம் ஓடும். ரெக்கார்டரின் குமிழ் அடியில் இருந்தும் மீட்டர் மேலே முட்டுகிறது என்றால் மட்டும் மிக்சரில் குறையுங்கள். கேசட் காலத்தில் டேப் இரைச்சலுக்குப் பயந்து ஊசியைச் சிவப்புக்குப் பக்கத்திலேயே ஓட்டினார்கள், அந்தப் பழக்கம் இன்னும் பலர் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 24 பிட்டில் பதிவு செய்யும்போது அது தேவையே இல்லை. கணக்குப்படி 16 பிட்டுக்கு 96 டெசிபல் என்றால் 24 பிட்டுக்கு 144. பன்னிரண்டு டெசிபல் இடம் விட்டால் எதையும் இழக்கமாட்டீர்கள், பூஜ்யத்தை ஒரு தடவை தாண்டினால் அந்த இடம் போனது போனதுதான்.

அப்புறம், லெவல் பார்க்கும்போது யாரையும் ஹலோ, மைக் டெஸ்ட் என்று சொல்லச் சொல்லாதீர்கள். ஹலோ சொல்லும் குரலில் யாரும் பாடுவதில்லை. மேல்ஸ்தாயி பஞ்சமத்தில் நின்று ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். மிருதங்கக்காரரைத் தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் வரும் மோராவும் கோர்வையும் வாசிக்கச் சொல்லுங்கள். உருப்படியின் ஆரம்பத்தில் தொட்டுத் தொட்டு வாசிக்கிற அதே கை தனியில் வேறு கையாகிவிடும். எல்லாம் சேர்ந்து வாசிக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறும், அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

எல்லாம் செருகியபிறகு ஐந்து டிராக்கிலும் ரெக்கார்ட் பொத்தானை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு மைக்காகப் போய் அதன் பக்கத்தில் பெயர் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்: இது பாட்டு, இது வயலின், இது வலந்தலை. திரும்பப் போட்டு ஒவ்வொரு டிராக்கையும் தனியாகக் கேளுங்கள். வயலின் டிராக்கில் பாட்டு தூரத்தில் கேட்பது சகஜம், ஒரே அறையில் அப்படித்தான் வரும். பக்கத்தில் நின்று பேசியது போலவே இரண்டு டிராக்கில் கேட்டால் பேன் முழுக்கத் திரும்பவில்லை, அல்லது ஆக்ஸில் ஏதோ ஒரு குமிழ் பூஜ்யத்தில் இல்லை. இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு ஒன்றரை மணிநேரம் பதிவு செய்து பிறகு தலையில் கைவைத்தவன் சொல்கிறேன்.

காதுக்கு என்ன போகிறது

பதிவு ஆகிறது என்றால் பாதிதான். பாடுபவர் எதைக் கேட்டுக்கொண்டு பாடுவார்? எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிப்பது என்றால் மிக்சரின் ஹெட்போன் துளையே போதும். ஏற்கெனவே பதிவானதைக் கேட்டுக்கொண்டு இன்னொன்றைச் சேர்ப்பது என்றால் ரெக்கார்டரின் ஸ்டீரியோ அவுட்டை மிக்சருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். டேப் இன், டூ டிராக் இன் என்று எழுதிய துளை இருந்தால் அதில். இல்லையென்றால் காலியாக இருக்கும் ஒரு ஸ்டீரியோ லைன் சேனலில்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மெயின் அவுட்டையோ ஆக்ஸையோ ரெக்கார்டருக்கு அனுப்புகிறவராக நீங்கள் இருந்தால், திரும்பி வருகிற அந்தச் சேனல் அதே மெயினுக்கோ அதே ஆக்ஸுக்கோ போகக்கூடாது. போனால் ரெக்கார்டரிலிருந்து மிக்சர், மிக்சரிலிருந்து ரெக்கார்டர் என்று சத்தம் வட்டமடித்து ஒரு ஊளை கிளம்பும், ஹெட்போன் மாட்டியிருக்கிறவர் காது பாவம். இன்சர்ட்டிலிருந்து எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நான் இன்சர்ட்டைத் தூக்கிப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: தன் குரல் குழாய்க்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது என்று பாடுபவர் சொன்னால் மைக்கைச் சந்தேகிக்காதீர்கள். அதே குரல் மிக்சரிலிருந்து நேராக ஒரு தடவையும், ரெக்கார்டருக்குள் போய் டிஜிட்டலாகித் திரும்பி சில மில்லிசெகண்ட் தாமதமாக இன்னொரு தடவையும் காதுக்கு வருகிறது. இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். ரெக்கார்டரில் இப்போது பதிவாகும் டிராக்கின் ஃபேடரை இறக்கினால் போதும், பெரும்பாலான கருவிகளில் அது பதிவைப் பாதிக்காது; உங்கள் கருவியில் எப்படி என்று பத்து வினாடி பதிவு செய்து பார்த்துவிடுங்கள். மைக் திறந்திருக்கும்போது அறையில் ஸ்பீக்கர் ஓடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

உறுமல்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒயர் மாட்டியதும் அடியில் ம்ம்ம் என்று ஓர் உறுமல் கேட்டால் மிக்சரும் ரெக்கார்டரும் வேறு வேறு பிளக் பாயின்டில் இருக்கின்றன, இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஒயரின் ஷீல்டு வழியாக ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது என்பது முதல் சந்தேகம். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் நிற்கும் என்று சொல்லிக்கொடுக்க யாராவது வருவார்கள். நிற்கலாம், ஆனால் மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவரின் உயிர் அந்த எர்த்தில் இருக்கிறது. வெட்டாதீர்கள். கீபோர்டிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோதான் உறுமல் வருகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இரண்டு கருவிகளின் மின் தொடர்பைப் பிரிக்கிற சின்னப் பெட்டி) ஒன்றை நடுவில் போடுங்கள், லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

உறுமல் இல்லாமல் ஜ்ர்ர் என்று கூர்மையான கரகரப்பு வந்தால் மேலே பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா? குமிழைச் சீராகத் திருகுகிற வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும், அந்த வெட்டு இன்சர்ட் ஒயரில் நன்றாகவே கேட்கும். முழு வேகத்தில் வைத்தாலோ முழுவதும் அணைத்தாலோ போய்விடும். முழு வேகத்தில் வைத்தால் காற்று மைக்கில் அடிக்கும். ஆக அணைத்துவிட்டு, பாட்டுக்குப் பாட்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மே மாதத்தில் ரெக்கார்டிங் வைத்துக்கொண்டால் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துச் சமாளியுங்கள். கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடினாலும் இதே கரகரப்பு வரக்கூடும். மொபைலை மேசையிலிருந்து தூரமாக வையுங்கள், அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் டிட்-டிடிட் என்று அது ஒயரில் ஏறுவதைக் கேட்காதவர்கள் இல்லை.

சுவிட்ச் போடும்போது மிக்சர், ரெக்கார்டர், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். ஃபேண்டம் பவரைப் போடும்போதும் எடுக்கும்போதும் சேனல் மியூட்டில் இருக்கட்டும், போட்ட நிலையில் மைக் ஒயரைப் பிடுங்காதீர்கள்.

பதிவு முடிந்தபிறகு

பெரும்பாலான வீட்டு ரெக்கார்டர்களில் டிராக்குக்கு ஒரு அவுட் என்று இருக்காது, ஒரு ஸ்டீரியோ அவுட்தான். அதனால் கலப்பதற்காகத் திரும்ப மிக்சருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். கார்டிலிருந்து வேவ் கோப்புகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக் கலப்பதுதான் நிம்மதி. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி எடுக்கும். ஐந்து டிராக், ஒன்றரை மணிநேரம் என்றால் 3.6 ஜிபி. 16 ஜிபி கார்டே தாராளம்.

டிராக்கெல்லாம் தனித்தனியாக இருப்பதன் பலன் எனக்கு நன்றாக உறைத்தது மிருதங்கத்தில்தான். வலந்தலையை அடிக்கும்போது அந்தத் தோல் மைக்கை விட்டு உள்ளே போகிறது, உள்ளே இருக்கும் காற்று தொப்பித் தோலை அடுத்த மைக்கை நோக்கி வெளியே தள்ளுகிறது. ஆக இரண்டு மைக்கும் அந்த அடியை எதிரெதிர்த் திசையில் பிடிக்கின்றன, அப்படியே சேர்த்தால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிருதங்கம் சொத்தையாகக் கேட்கும். கம்ப்யூட்டரில் தொப்பி டிராக்கை மட்டும் எடுத்துப் போலாரிட்டியைத் தலைகீழாக்கிப் பாருங்கள், அதாவது அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறட்டும். எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மிக்சர்களில் அதற்குப் பொத்தானே கிடையாது, கலந்து போன ஸ்டீரியோவில் செய்யவும் முடியாது.

கார்டை அழிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஐந்து கோப்பையும் திறந்து, கடைசி ஒரு நிமிடத்தை ஒவ்வொன்றிலும் கேட்டுவிடுங்கள். பாதி காப்பியான கோப்பு ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பாடும்.